இரண்டு கம்பியிலும் ஃபியூஸ்

எங்கள் தெருவில் கரண்டைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் போய் நிற்பது ரகுநாதன் வீட்டு கேட்டில்தான். முப்பத்து நான்கு வருஷம் ரயில் பெட்டிகளுக்கு விளக்கும் மின்விசிறியும் போட்ட மனிதர். அவர் கை வைத்த பெட்டி ஒன்றுகூடப் பற்றி எரிந்ததில்லை என்று அவரும் சொல்வார், நாங்களும் சொல்வோம். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே, அவர் சம்சாரத்துக்கே ஷாக் அடித்துவிட்டது என்றால் தெரு யாரிடம் போய்க் கேட்கும்?

ஆகஸ்ட் மாதம். நான்கு நாளாக மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. மௌலா அலி மலையும் மேலே இருக்கும் தர்காவும் எங்கே போயின என்றே தெரியவில்லை. காலை ஆறரை இருக்கும். தாயம்மாள் குளியலறையில் பக்கெட் தண்ணீரில் ஹீட்டர் ராடைத் தொங்கவிட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டு, உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கப் போயிருக்கிறாள். பாதி நறுக்கும்போது அடுக்களை விளக்கு அணைந்தது. குளியலறை விளக்கும் அணைந்தது. மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போவது ஒரு சேதியா? கரண்ட்தான் போய்விட்டதே, தண்ணீர் எவ்வளவு சுட்டிருக்கிறது பார்ப்போம் என்று சுவிட்சை அணைக்காமல் பக்கெட்டில் விரலை விட்டாள்.

அவள் போட்ட சத்தம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கேட்டது. என் மனைவி புஷ்பா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். நான் கால்களில் வேறு வேறு ஜோடிச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

தாயம்மாள் குளியலறை வாசலில் ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். முழங்கை சுவரில் இடித்துத் தோல் உரிந்திருந்தது. ரகுநாதன் கையில் அவருடைய டெஸ்ட் லேம்ப். ஒரு பல்பு, ஒரு ஹோல்டர், அதிலிருந்து தொங்கும் இரண்டு வயர், அவ்வளவுதான் அந்தக் கருவி. ரயில்வே டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றபோது சால்வையோடு அதையும் கொண்டுவந்திருந்தார். ராடைப் பிடுங்கி அந்த ப்ளக் பாயிண்டின் இரண்டு துளைகளிலும் இரண்டு வயரையும் செருகியிருந்தார்.

"சந்திரசேகர் சார், நீங்களே பாருங்க. எரியுதா?"

"இல்லண்ணே."

"ரெண்டு கம்பியும் தொட்டுனு இருக்குது. பல்பு எரியல. அப்போ கரண்ட் இல்ல. கரண்டே இல்லாத தண்ணில ஷாக்கு எங்கேர்ந்து வரும்?"

"வந்துச்சு," என்றாள் தாயம்மாள்.

"கால் வழுக்கினே. நரம்பு சுண்டி இழுத்துருக்கும்."

"நரம்பு இழுத்தா உடம்பு தூக்கிப் போடுமா? தோள்பட்டை வரைக்கும் பிடிச்சு ஆட்டுச்சுங்க. பல்லு கிட்டிப் போச்சு."

"தா, மறுபடியும் காட்றேன் பாரு." மறுபடியும் வயரைச் செருகினார். பல்பு எரியவில்லை. "இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

பிறகு வராந்தாவுக்குப் போய் போர்டைத் திறந்தார். ஒவ்வொரு லைனுக்கும் ஜோடி ஜோடியாகப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். பின்பக்கத்து லைனில் ஒரு கட்டையில் கம்பி உருகிப் போயிருந்தது. புதுக் கம்பி சுற்றிச் செருகினார். விளக்கு எரிந்தது. "ஃபியூஸ் போயிருக்குது. வேற ஒண்ணும் இல்ல," என்று கையைத் துடைத்துக்கொண்டார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். முப்பத்து நான்கு வருஷ சர்வீஸ் முன்னால் நான் யார்? ஒரு அரசாங்கக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்பதுதான்.

ஜோடிக் கட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் எலக்ட்ரீஷியன் எவன் வந்தாலும் ஒரு லைனுக்கு ஒரு ஃபியூஸ் போடுவான். ரகுநாதன் இரண்டு போடுவார். போகிற கம்பிக்கு ஒன்று, வருகிற கம்பிக்கு ஒன்று. "கோச்ல இப்படித்தான். ஒரு கம்பிக்குக் காவல் போட்டுட்டு இன்னொண்ணைத் திறந்து வுட்ருவாங்களா?" என்று கேட்பார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். அரக்கோணத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு, லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஃபிட்டரின் மகன், ரயிலிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். இந்தத் தெருவில் ஒவ்வொருவராக வீடு கட்டியபோது பதினான்கு வீட்டுக்கு அவர்தான் வயரிங் செய்தார். கூலி வாங்கமாட்டார். வேலை முடிந்த அன்று வயிறாரச் சாப்பாடு போட்டால் போதும். எங்கள் வீட்டில் மீன் குழம்பு.

அன்றிலிருந்து தாயம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவிட்சை விரலால் தொடுவதை விட்டாள். சப்பாத்திக் கட்டையின் முனையால் அழுத்தினாள். மிக்ஸியைத் துணி போட்டு மூடிவிட்டாள். சட்னி இல்லை, பொடிதான். ஃப்ரிட்ஜைத் திறக்கக் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டாள். பச்சைத் தண்ணீரில் குளித்து இருமல் வந்தது. ஓரிடத்தில் உட்காரமாட்டாள். கூடத்துக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நடக்கும்போது சுவரில் கை படாமல் நடப்பாள். ரகுநாதன் அவள் பார்க்க வேண்டுமென்றே அதே ராடைப் போட்டு, சுட வைத்து, சுவிட்சை அணைத்து, ராடை எடுத்து, ஆவி பறக்கக் குளித்துவிட்டு வருவார். "ஹவ், நல்லா இருக்குது தண்ணி," என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார்.

இதோடு போயிருந்தால் ஒரு வீட்டுச் சண்டை. ஆனால் புனேயிலிருந்து அவர்கள் மகள் லலிதா அடுத்த வியாழக்கிழமை காலை வண்டிக்கு வருவதாக இருந்தது. கையில் பத்து மாதக் குழந்தை அபிநவ். தவழ்கிற வயசு. துளை எதைக் கண்டாலும் விரலை விடுகிற வயசு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாயம்மாள் ஃபோனில் மகளிடம் சொன்னதை நாங்கள் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்தபடியே கேட்டோம். ஒட்டுக் கேட்கவில்லை. அவ்வளவு சத்தம்.

"வராதம்மா. இப்போ வேணாம். இந்த வூட்ல கரண்ட் சரியில்ல."

லலிதா ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"அவரைக் கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்வாரு. அடிச்சது எனக்கு."

ரகுநாதன் ஃபோனைப் பிடுங்கினார். "லல்லி, நீ கிளம்பி வா. உங்கம்மாவுக்கு பயம் பிடிச்சுனு இருக்குது. எதுக்கு பயம்னு கேட்டா பதில் இல்ல."

"பதில் சொல்லிட்டேன். உங்களுக்குத்தான் காது இல்ல."

"இருபத்திரண்டு வருஷமா இந்த வூட்ல ஒரு பல்பு வெடிச்சிருக்குதா? சொல்லு. ஊர்ல உள்ளவன்லாம் என் வயரிங்கை நம்பித் தூங்கறான். பெத்த பொண்ணைப் போய் வராதன்னு சொல்றே நீ."

"நம்பித்தான் தண்ணில கை வெச்சேன்."

ஃபோனைச் சோபாவில் போட்டுவிட்டு மழையில் வெளியே போய்விட்டார். ஈரானி டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு கேள்வி. பாவம், அவருக்கும் அது சாதாரண வலி இல்லை. ஆனாலும் எனக்கு அந்த மனிதர் மேல் கோபமாக வந்தது. கட்டினவள் ஒரு வார்த்தை சொன்னால் அது என்னவென்று பார்க்க வேண்டாமா அந்த மனிதர்! புஷ்பாவிடம் இப்படிச் சொன்னேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்ந்தாள்.

மறுநாள் காலை புஷ்பாதான் அந்தத் துண்டு நோட்டீஸை எங்கிருந்தோ எடுத்து வந்தாள். ஸ்டேஷன் ரோட்டில், தையல் மிஷின் கடைக்கு மேல் மாடியில், பெண்களுக்கு வீட்டு வயரிங் வகுப்பு. காலை பத்திலிருந்து ஒன்று வரை. அன்றுதான் ஆரம்பம்.

"அக்கா, கிளம்புங்க. நானும் வர்றேன்."

"அம்பத்தேழு வயசுல நான் போய் ஸ்குரு திருகப் போறேனா புஷ்பா?"

"திருக வேணாம். உங்களுக்கு என்ன அடிச்சுதுன்னு தெரிய வேணாமா?"

தாயம்மாள் புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். புஷ்பாவுக்கு இதில் ஏன் இத்தனை தீவிரம் என்று எனக்கு விளங்கவில்லை. நல்ல அக்கம்பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை போய்விட்டு வந்து இரண்டு பேரும் எங்கள் வீட்டில் டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு படித்ததை ஒப்பித்துப் பார்த்தார்கள். தள்ளுகிற வேகம் வோல்டேஜ், ஓடுவது கரண்ட், ஓட விடாமல் தடுப்பது ரெசிஸ்டன்ஸ். வகுப்பில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு டெஸ்டர் கொடுத்திருந்தார்கள், தலையில் குட்டி விளக்கு வைத்த ஸ்குரு டிரைவர். தாயம்மாள் அதைப் பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மழை கொட்டியது. பன்னிரண்டரைக்கு நான் இரண்டு குடையோடு போனேன். மாடிப்படி முடியும் இடத்தில் ஜன்னல். உள்ளே பத்துப் பன்னிரண்டு இளம்பெண்கள், பட்டான்செரு பக்கம் ஏதாவது ஃபேக்டரியில் வேலை கிடைக்கும் என்று வந்தவர்கள். கடைசி பெஞ்சில் நம்மவர்கள் இரண்டு பேர். பாடம் எடுக்கும் பெண் பெயர் ஸ்மிதா. மாரெட்பள்ளியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்தான். தமிழில் கேட்டால் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் ஆரம்பித்து எதிலாவது போய் முடியும்.

போர்டில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வரைந்திருந்தாள். தாயம்மாள் எழுந்தாள்.

"டீச்சர், குழாயைத் திறந்தா தண்ணி கொட்டிட்டுப் போய்டும். தொட்டிக்குத் திரும்பிப் போவாதே. கரண்டும் அப்படித்தானா?"

"கரெக்ட் அம்மா, அக்கடே தேடா! அங்கதான் வித்தியாசம்!" ஸ்மிதாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தண்ணி திரும்ப வேண்டாம். கரண்ட் திரும்பணும். போற கம்பி ஃபேஸ். திரும்பற கம்பி நியூட்ரல். ரெண்டும் சேர்ந்தாத்தான் பல்பு எரியும். அந்துகே, அதனால, சுவிட்ச், ஃபியூஸ் எப்பவும் ஃபேஸ்ல மட்டும் பெட்டாலி, போடணும். நியூட்ரல்ல பெட்டகூடாது. ராசுகோண்டி."

எல்லாரும் எழுதினார்கள். தாயம்மாள் எழுதவில்லை.

"எங்க வூட்ல ரெண்டுலயும் இருக்குது."

"ஏமி ரெண்டுலயும்?"

"ஃபியூஸ். போற கம்பில ஒண்ணு, வர்ற கம்பில ஒண்ணு."

ஸ்மிதா சாக்பீஸைக் கீழே வைத்தாள். "நியூட்ரல்லயா? எவரம்மா பெட்டிந்தி?"

தாயம்மாள் ஒரு நொடி தயங்கினாள். "தெரிஞ்சவரு. ரயில்ல வேலை பாத்தவரு. அங்க அப்படித்தானாம்."

"கோச்ல ஓகே அம்மா. கோச்ல ரெண்டு கம்பியும் தனியா இருக்கும், பூமியோட எதையும் கட்ட மாட்டாங்க. ஒரு கம்பியைத் தொட்டாலும் கரண்டுக்குத் திரும்பற வழி கிடைக்காது. வீட்ல அலா காது, அப்படி இல்ல. நியூட்ரலைக் கொண்டு போய் டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட பூமில கட்டியிருக்காங்க. அப்போ பூமியே ஒரு கம்பி மாதிரி. இப்ப நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போச்சுன்னு வெச்சுக்கோங்க. விளக்கு அணையும். நாம என்ன நினைப்போம்? கரண்ட் போச்சுன்னு. ஆனா ஃபேஸ் உள்ள வரைக்கும் வந்து நின்னுட்டிருக்கு. திரும்ப வழி தேடிட்டிருக்கு. ஈரத் தரையில நின்னு நாம தொட்டா..."

"நாமதான் வழி," என்றாள் தாயம்மாள்.

"அதே. கரண்ட் போலேதம்மா, தாரி போயிந்தி."

கரண்ட் போகவில்லை, அதன் பாதைதான் போயிற்று. தெலுங்கு தெரியாதவனுக்கும் புரிந்திருக்கும். தாயம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அப்போ எனக்கு அடிச்சது நெசம்தான்," என்றாள் யாரிடமும் இல்லாமல். அழுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். அவள் அழவில்லை. பக்கத்தில் இருந்த புஷ்பாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோவில் வீடு வரும் வரை புஷ்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மழையில் நனைந்த எரிச்சல் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ரகுநாதன் கேட்டிலிருந்து கூப்பிட்டார்.

"சார், வாங்க, வாங்க. உங்கக்கா எனக்குப் பாடம் எடுக்கப் போறாங்களாம். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் சவரம் செய்யாத முகம். விடிந்தால் மகளும் பேரனும் வந்து இறங்க வேண்டிய நாள். லலிதா வண்டி ஏறுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டாளாம். புஷ்பா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் மட்டும் போனேன்.

தாயம்மாள் வராந்தாவில் போர்டுக்கு முன்னால், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, உலர்ந்த பலகை மேல் நின்றிருந்தாள். கையில் டெஸ்டர். பின்பக்கத்து லைனின் இரண்டு கட்டைகளிலும் நுனியை வைத்துப் பார்த்தாள். ஒன்றில் டெஸ்டர் தலை சிவந்தது. மற்றதில் இல்லை.

"எரியாத இந்தக் கட்டையைப் பிடுங்குங்க."

"சரி. தோ, பிடுங்கிட்டேன். அப்பால?"

அடுக்களை இருண்டது. "இப்போ உங்க லேம்ப்பை வெச்சுப் பாருங்க."

அவர் டெஸ்ட் லேம்ப்பின் இரண்டு வயரையும் அடுக்களை ப்ளக் பாயிண்டில் செருகிச் சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. "செத்துப் போச்சு. பாத்தீங்களா சார்?"

தாயம்மாள் சுவிட்சை அணைக்கச் சொல்லி, லேம்ப்பை எடுக்கச் சொல்லி, சுவிட்சை மட்டும் மறுபடி போடச் சொன்னாள். ஒரு துளையில் டெஸ்டரை விட்டாள். இருட்டு அடுக்களையில் அந்தச் சிவப்பு நன்றாகத் தெரிந்தது.

ரகுநாதன் அசரவில்லை. "டெஸ்டர் சும்மா சும்மா மினுக்கும். டிப்போல நாங்க அதைத் தொடவே மாட்டோம். லேம்ப் பொய் சொல்லாது. நான் முப்பத்து நாலு வருஷம் லேம்ப்பை நம்பினவன்."

"அப்போ லேம்ப்பையே குடுங்க."

சுவிட்சை அணைத்தாள், விரலால். ஒரு வயரை டெஸ்டர் எரிந்த துளையில் செருகினாள். இன்னொரு வயரை மேலே இருக்கும் பெரிய துளையில், பூமிக்குப் போகும் எர்த் துளையில், செருகினாள். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! பின்னால் தள்ளி நின்று சுவிட்சைப் போட்டாள்.

பல்பு பளீரென்று எரிந்தது. உப்பு டப்பா, எண்ணெய்த் தூக்கு, ரகுநாதனின் வாய் திறந்த முகம் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிச்சத்தில் வந்தன.

"கரண்ட் இல்லன்னீங்களே. இது இன்னாங்க?"

அவர் குனிந்து சுவிட்சை அணைத்தார். வயரைப் பழைய இடத்துக்கு மாற்றிப் போட்டார். எரியவில்லை. எர்த்துக்கு மாற்றினார். எரிந்தது. இப்படி மூன்று முறை. பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கோச்ல..." என்று ஆரம்பித்தார்.

"இது கோச் இல்லீங்க. வூடு. இதுல கம்பியைப் பூமில கட்டிக்கீறாங்க. தண்ணில நான் கை வெச்சப்போ இந்த பல்பு எரியற வேகம் என் உடம்புல போச்சு. ஒம்பது நாளா சொல்லினு இருக்கேன்."

நான் அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தாயம்மாளும் எதிர்பார்த்தாள். அது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. பெரிதாக ஒன்றும் வேண்டாம், 'நீ சொன்னது சரி' என்கிற மூன்று வார்த்தை. அவர் எழுந்து போய் மெயினை அணைத்தார். கருவிப் பையை எடுத்தார். வருகிற கம்பிகளில் இருந்த ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த இடங்களில் உருகாத தடித்த செம்புப் பட்டையை வைத்து முறுக்கினார். ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்க வேலை. அந்த ஹீட்டர் ராடை இரண்டாக வளைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். முடிந்ததும் தாயம்மாளே போர்டுக்குப் போய் ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு லலிதாவுக்கு ஃபோன் செய்தாள்.

"வண்டி ஏறும்மா. புள்ளைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கோ, இங்க மழை."

குழந்தை வருகிறது. என் அளவில் விஷயம் முடிந்தது, டீ கிடைக்கும் என்று உட்கார்ந்தேன். டீயும் வந்தது. ரகுநாதன் தம்ளரைத் தொடவில்லை. விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினாலு," என்றார்.

"இன்னாது?"

"பதினாலு வூடு, தாயம்மா. எல்லாத்துலயும் இதே மாதிரிதான் போட்டிருக்கேன்."

அவள் தம்ளரை எடுத்து அடுக்களையில் வைத்தாள். "சட்டையை மாத்துங்க. நானும் வர்றேன்."

நானும் அவர்களோடு செம்புப் பட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மழை தூறலாகியிருந்தது. முதல் வீடு டேனியலுடையது. சரக்கு வண்டியில் கார்டாக இருந்தவர்.

"வா ரகு, இன்னா குடும்பத்தோட?"

"ஒண்ணுமில்ல டேனியல். புது ரூல் வந்துருக்குது. நியூட்ரல் ஃபியூஸை எடுத்துடணுமாம். அஞ்சு நிமிஷ வேலை."

"ரூல் போடறவனுக்கு வேற வேலை இல்ல. உன் போர்டு பாறை மாதிரி இருக்குது, அதைப் போய் நோண்டணுமா? நக்கோ ரே, வுட்டுத் தள்ளு."

"இல்ல இல்ல, பண்ணிட்றேன்."

தாயம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் போர்டைப் பார்த்தார். இரண்டாவது வீடு ராமசுவாமியுடையது. அங்கேயும் அதே புது ரூல். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பாவம், மனிதர் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளட்டும், வேலை நடந்தால் சரி என்று நினைத்தேன். தாயம்மாள் சிரிக்கவில்லை. இரண்டு வீட்டு வாசலிலும் தள்ளி நின்று முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது எங்கள் வீடு.

புஷ்பா கதவைத் திறந்தாள். வழிவிடாமல் நின்றாள்.

"புது ரூல் வந்துருக்குதும்மா," என்று ரகுநாதன் ஆரம்பித்தார். "இந்த நியூட்ரல்ல..."

"எந்த ரூல்ணே?"

"கவர்மெண்டு. இப்போதான் வந்துருக்குது."

"சங்கராந்திக்கு முந்தின வாரம் நான் துணி தேய்ச்சிட்டிருந்தேன்," என்றாள் புஷ்பா. குரல் உயரவில்லை. "விளக்கு அணைஞ்சுது. கரண்ட் போச்சுன்னு இஸ்திரிப் பெட்டி வயரைச் சுருட்டப் போனேன். பெட்டி கிட்ட வயர் கொஞ்சம் பிஞ்சிருந்தது. கைல பிடிச்சு அப்படியே மேஜை மேல சாய்ச்சுடுச்சு. வாய் கோணிப் போச்சு. நீங்கதான் சாயங்காலம் வந்து ஃபியூஸ் கம்பி மாத்திட்டுப் போனீங்க. அதுவும் அந்த ரூல்லதான் வருதாண்ணே?"

தாயம்மாள், "எங்கிட்ட சொல்லவே இல்லியே புஷ்பா," என்றாள்.

"சொல்ல வேண்டியவங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன்க்கா."

ரகுநாதன் கையில் இருந்த ஸ்குரு டிரைவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கன்னத்து நரைமுடி ஈரமாக இருந்தது, தூறலா வியர்வையா தெரியவில்லை. ஸ்டேஷன் பக்கம் சரக்கு வண்டி ஒன்று இழுத்து இழுத்துப் போயிற்று.

"ரூல் ஒண்ணும் இல்லம்மா," என்றார். "நான் போட்டது தப்பு. ஆரம்பத்துலேர்ந்தே தப்பு. உன்னை அடிச்சது நான் போட்ட ஃபியூஸ்தான். தாயம்மா சொன்னா. நான் நம்பல. எங்கிட்ட லேம்ப் இருக்குது, அவளுக்கு இன்னா தெரியும்னு இருந்துட்டேன்." பிறகு தாயம்மாள் பக்கம் திரும்பினார். "டேனியல் வூட்டுக்கும் ராமசுவாமி வூட்டுக்கும் மறுபடி போவணும். இதைச் சொல்லணும்."

தாயம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு தலையை ஆட்டினாள். அழுகைதான் அது, ஒன்பது நாள் அழுகை. அழுதுகொண்டே எங்கள் போர்டுக்குப் போய் மெயினை அணைத்தாள். கூடம் மங்கியது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. ரகுநாதன் செம்புப் பட்டைக்குக் கை நீட்டினார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. சங்கராந்திக்கு முந்தின வாரம். புஷ்பா கையைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றது. கரண்டே இல்லாதபோது ஷாக் எப்படி அடிக்கும், போய் சுகர் பார்த்துவிட்டு வா என்று நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னது. அவள் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். சுகர் சரியாக இருந்தது. அதைச் சொன்னபோது, "பார்த்தியா, ஒண்ணுமில்ல," என்று சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நான் செம்புப் பட்டைகளை ரகுநாதனிடம் கொடுத்தேன். அவர் போர்டைத் திறந்து வேலையை ஆரம்பித்தார். தாயம்மாள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டையாக வாங்கிக் கீழே வைத்தாள். புஷ்பா அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. கதவருகே அப்படியே நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரகுநாதன் சொல்லிவிட்டார். இனி சொல்ல வேண்டியவன் நான்தான்.